பத்துக் கிலோ மூட்டையின் பொருளாதாரம்

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ புதிதாகச் சென்று சேரும் தமிழர் ஒருவரின் மாதச் செலவில் வாடகை, போக்குவரத்து, மின்கட்டணம் ஆகியவை அவர் விருப்பத்துக்கு வளைந்து கொடுப்பவை அல்ல. அவர் கையில் ஓரளவு நிற்பது உணவுச் செலவு ஒன்றுதான். அந்த ஒன்றையும் எவ்வளவு குறைக்க முடியும் என்பது, அவர் குடியேறிய ஊரில் ஆசிய மளிகைக் கடை ஒன்று இருக்கிறதா, இருந்தால் அதை அவர் எத்தனை விரைவில் கண்டுகொள்கிறார் என்பதைப் பொறுத்தது. வந்து சேர்ந்த முதல் வாரங்களில் பெரும்பாலோர் தங்குமிடத்துக்கு அருகிலுள்ள பெரிய சங்கிலிக் கடைக்கே செல்கின்றனர்; அரைக் கிலோ, ஒரு கிலோ அரிசிப் பைகளையும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்த மசாலாப் பொருள்களையும் வாங்கி, மாத நடுவிலேயே கையிருப்பு கரைவதைக் காண்கின்றனர். உடன் பணிபுரிபவரோ, அறைத் தோழரோ, கோயிலில் பார்த்தவரோ சொல்லித்தான் ஆசியக் கடையின் முகவரி பெரும்பாலும் கிடைக்கிறது. வங்கிக் கணக்கு திறப்பதைப் பற்றி எழுதும் வழிகாட்டிக் கையேடுகள் இந்த முகவரியைப் பற்றி எழுதுவதில்லை; குடியேறியவரின் முதல் ஆண்டைத் தாங்கிப் பிடிப்பதில் வங்கிக்கு இணையான பங்கு இக்கடைக்கு உண்டு என்பதை அங்கு வாழ்ந்த எவரும் மறுக்க மாட்டார்.

இதைத் தாய்மண்ணின் சுவைக்கான ஏக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஏக்கம் உண்மைதான், ஆனால் அதற்கு அடியில் கடுமையான ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் தற்காலிக விசாவில் தங்கியிருப்போர் பெரும்பாலோருக்கு ‘பொது நிதியுதவிக்கு உரிமையில்லை’ என்ற நிபந்தனை உண்டு. அதாவது வருமானம் போதாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி போன்றவற்றை அவர்கள் பெற முடியாது. பட்டப்படிப்பு மாணவர்கள் பாடப்பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்காக விசாவோடு சேர்த்து முன்கூட்டியே வசூலிக்கப்படும் நலவாழ்வுக் கட்டணம், 2024 பிப்ரவரி முதல் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு என்று உயர்த்தப்பட்டது. இவற்றுக்கு முன்னரே, 2023 மார்ச்சில் அந்நாட்டின் உணவுப் பொருள் விலையேற்றம் ஆண்டு அளவில் 19 சதவீதத்தைத் தாண்டி, நாற்பத்தைந்து ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டிருந்தது. இத்தகைய நெருக்கடியில், பத்துக் கிலோ அரிசி மூட்டையும் இரண்டு கிலோ துவரம்பருப்பும் நியாயமான விலைக்குக் கிடைக்கும் இடம் ஒன்று இருப்பது, குடியேறியவர் கடன் வாங்காமல் மாதத்தை ஓட்டுகிறாரா இல்லையா என்பதையே தீர்மானிக்கக் கூடியது.

மலிவு எங்கிருந்து வருகிறது

ஆசியக் கடையின் விலை குறைவாக இருப்பதற்குத் தரக்குறைவே காரணம் என்ற எண்ணம் வெளியாரிடம் மட்டுமின்றி, புதிதாக வருவோரிடமும் உண்டு. வரிச் சலுகை ஏதோ இருக்க வேண்டும் என்று கருதுவோரும் உளர். இரண்டும் பொருந்தாதவை. அரிசி, பருப்பு, காய்கறி, மசாலா ஆகிய அடிப்படை உணவுப் பொருள்களுக்கு எந்தக் கடையில் வாங்கினாலும் மதிப்புக் கூட்டு வரி பூஜ்ஜிய விகிதத்திலேயே உள்ளது. ஆகவே விலை வேறுபாட்டின் வேரை வேறிடத்தில் தேட வேண்டும். அது முதலில் பொட்டலத்தின் அளவில் இருக்கிறது.

சங்கிலிக் கடையின் மசாலா அடுக்கு, சமையலில் சீரகத்தை மாதத்துக்கு இரண்டு முறை தொடும் குடும்பத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அங்கே சீரகம் ஏறத்தாழ நாற்பது கிராம் கொள்ளும் கண்ணாடிக் குப்பியில் வருகிறது; குப்பி, மூடி, அச்சிட்ட ஒட்டுத்தாள், அடுக்கில் அது பிடிக்கும் இடம் ஆகிய அனைத்துக்கும் வாங்குபவரே விலை தருகிறார். ஆசியக் கடையில் அதே சீரகம் நூறு கிராம், நானூறு கிராம், ஒரு கிலோ என்று சாதாரண நெகிழிப் பையில் அடைக்கப்பட்டுத் தொங்குகிறது. நாள்தோறும் தாளிக்கும் வீட்டில் நாற்பது கிராம் சீரகம் ஒரு மாதத்துக்கு வராது என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்துமல்லித் தழையிலும் இதே கதைதான்: ஓரிடத்தில் முப்பது கிராம் தழை நெகிழி உறையில் அளந்து அடைக்கப்பட்டிருக்க, மற்றோரிடத்தில் வேரும் மண்ணுமாகக் கை கொள்ளாத கட்டு ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது.

விலை ஒப்பீட்டைப் பற்றிய சட்டம் ஒன்றும் இங்கே கருதத்தக்கது. 2004ஆம் ஆண்டின் விலைக் குறியீட்டு ஆணைப்படி, பிரிட்டனின் பெரிய கடைகள் பொருளின் விலையோடு நூறு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற அலகு விலையையும் அடுக்கின் விளிம்பில் காட்ட வேண்டும். 280 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கடைகளுக்கு இக்கட்டாயம் இல்லை. எனவே ஒரு சுவையான நிலை உருவாகிறது: தன் பொருள் கிலோவுக்கு எவ்வளவு விலையாகிறது என்று சங்கிலிக் கடை சிறிய எழுத்தில் ஒப்புக்கொள்கிறது, மலிவாக விற்கும் ஆசியக் கடையோ அந்தக் கணக்கை வாடிக்கையாளரின் தலையிலேயே விட்டுவிடுகிறது. தலையில் கணக்குப் போடப் பழகிய தலைமுறையினர் இதை நொடியில் செய்துவிடுகின்றனர். பெரிய சங்கிலிக் கடைகளே ஆசியர்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் ‘உலக உணவுகள்’ என்று தனி வரிசை ஒன்றை வைத்து, ஆசிய நிறுவனங்களின் பெரிய பொட்டலங்களை அங்கே அடுக்கியுள்ளன. அதனால் ஒரே கூரையின் கீழ், குப்பிச் சீரகம் ஒரு வரிசையிலும் பைச் சீரகம் நான்கு வரிசை தள்ளியும் இருக்க, இரண்டின் அலகு விலைக்கும் இடையே பல மடங்கு வேறுபாடு காணப்படுவது அங்கே வாங்குவோர் நன்கறிந்த செய்தி.

பொட்டலத்துக்கு அடுத்தது கடையின் நேரம். 1994ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமையில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் மட்டுமே திறந்திருக்கலாம். அதற்குட்பட்டவை நாள் முழுவதும் திறக்கலாம். வாரம் முழுதும் பணி முறையில் உழைத்து, ஞாயிறு மாலையில்தான் அடுத்த வாரத்துக்குப் பருப்பு இருக்கிறதா என்று பார்க்கும் செவிலியருக்கும், இரவுப் பணி முடித்து வரும் கிடங்குத் தொழிலாளிக்கும் இச்சிறு கடைகள் பயன்படுவது இதனால்தான். கூடுதல் நேரம் திறந்திருக்கும் கடை அதே வாடகைக்குக் கூடுதலாக விற்கிறது. கூடுதலாக விற்பதால் ஒவ்வொரு பொருளிலும் குறைந்த இலாபம் வைத்துத் தாக்குப் பிடிக்கிறது.

கடையின் உட்புறத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது தகும். கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம், தெற்கே டூட்டிங், வடமேற்கே வெம்பிளியின் ஈலிங் ரோடு ஆகிய கடைத்தெருக்களில், நடைபாதையை ஒட்டிய மரப்பெட்டிகளிலேயே வணிகம் தொடங்கிவிடுகிறது: கத்தரிக்காய், பாகற்காய், கட்டிய முருங்கைக்காய், ஏத்தன் வாழை, சேப்பங்கிழங்கு. உள்ளே நுழைந்ததும் இட்லி அரிசியும் பொன்னியும் யாழ்ப்பாணத்தார் விரும்பும் சிவப்பரிசியும் மூட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கும். ஈழத்தமிழர் நடத்தும் கடையானால் வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள், இடியப்ப மா, ஒடியல் மா, நெத்தலிக் கருவாடு, மாசிக்கருவாட்டுத் தூள் ஆகியவற்றுக்குத் தனி அடுக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெருகிய பின், அதற்குப் பக்கத்திலேயே சக்தி மசாலாவும் ஆச்சி மசாலாவும் நரசுஸ் காபியும் இடம்பிடித்தன. குளிர்பெட்டிகளில் உறைந்த தேங்காய்த் துருவல், சீவிய மரவள்ளி, வஞ்சிர மீன் துண்டுகள், அடுக்கடுக்காகப் பரோட்டா. இட்லி, தோசை மாவு அந்த நகரத்திலேயே அரைக்கப்பட்டு வாளிகளில் வருகிறது.

துவரம்பருப்பு வரிசையில் புதிதாக வருபவரைக் குழப்பும் ஒன்று உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே பருப்பு இரண்டு வகையாக இருக்கும்: ஒன்று சாதாரணம், மற்றொன்று எண்ணெய் பூசியது. நெடுங்காலம் வண்டு பிடிக்காமல் இருப்பதற்காகப் பருப்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தரும் பழைய முறை குஜராத்தியரிடையே வழக்கத்தில் உள்ளது. அவர்களே பிரிட்டனில் மளிகை வணிகத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர்கள் என்பதால், அந்த வழக்கமும் கடையோடு கப்பலேறி வந்துவிட்டது. வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே அதை வேக வைக்க வேண்டும் என்பதைத் தமிழ் மாணவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். ஒரு பருப்புப் பொட்டலத்தில் இன்னொரு சமூகத்தின் குடிபெயர்வு வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலிவின் மெய்யான மூலமும் அந்த வரலாற்றில்தான் உள்ளது.

முன்னே வந்தவர்கள் போட்ட பாதை

இன்று கடைக்குள் நுழையும் மாணவர் காணும் விலை, அவருக்கு முன் அறுபது எழுபது ஆண்டுகளாக வந்தவர்கள் போட்டு வைத்த கொள்முதல் பாதையின் விளைவு. தொடக்கத்தில் ஆசியப் பொருள்கள் பிரிட்டனில் மலிவாக இருக்கவில்லை. கிடைப்பதே அரிதாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் உணவுப் பங்கீட்டு முறை அந்நாட்டில் 1954 ஜூலையில்தான் முற்றிலும் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, கிழக்கு லண்டனின் பிரிக் லேன் பகுதியில் சில்ஹெட் வட்டாரத்து வங்காளியர் தாஜ் ஸ்டோர்ஸ் என்ற கடையை 1936இல் தொடங்கியிருந்தனர். கப்பல்களில் வேலை செய்து கரையிறங்கியவர்களே அதன் முதல் வாடிக்கையாளர்கள். 1956இல் கென்யாவிலிருந்து வந்த லட்சுமிசங்கர் பாத்தக், லண்டனில் வீட்டுச் சமையலறையில் சமோசாவும் இனிப்பும் செய்து விற்று, யூஸ்டன் இரயில் நிலையத்தை அடுத்த டிரம்மண்ட் தெருவில் கடை வைத்தார். ‘பட்டக்ஸ்’ என்ற ஊறுகாய், மசாலா விழுது நிறுவனம் அவ்வாறு பிறந்தது. சுத்தர்வாலா குடும்பத்தாரின் டிஆர்எஸ் நிறுவனம் 1959இல் தொடங்கியது. இன்று ஐரோப்பாவெங்கும் ஆசியக் கடைகளில் அதன் பருப்பும் மசாலாவும் இல்லாத அடுக்கைக் காண்பது கடினம்.

சீனர்களின் பாதை தனியாக வளர்ந்தது. 1959இல் ஹாங்காங்கிலிருந்து வந்து உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்த வூன் விங் யிப், சீன உணவு விடுதிகளுக்குச் சரக்கு கொடுப்பதற்காக 1970இல் பர்மிங்காமில் கடை திறந்தார்; அது பின்னர் மான்செஸ்டருக்கும் லண்டனின் கிரிக்கிள்வுட், குரோய்டன் பகுதிகளுக்கும் விரிந்து, ஓர் ஊரின் சந்தையளவு பெரிய வளாகங்களாக நிற்கிறது. இத்தகைய கடைகளுக்குத் தமிழர்கள் போவது சீன உணவுக்காக மட்டும் அன்று. உறைந்த வாழையிலை, கணவாய், இறால், சிறு வெங்காயம், தேங்காய்ப்பால், பச்சரிசி மாவு ஆகியவை சீன, வியட்நாமியக் கடைகளில் பல நேரங்களில் மேலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. தெற்காசியக் கடையே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு அதுவே முதல் புகலிடமாகிறது.

பிரிட்டனின் ஆசிய மளிகை வணிகம் பரவலான மலிவு நிலையை எட்டியதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்தியரின் இடம்பெயர்வு பெருங்காரணம். 1972 ஆகஸ்டில் உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன் அந்நாட்டு ஆசியர்களை 90 நாள்களுக்குள் வெளியேறுமாறு ஆணையிட்டார். ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தனர். தங்கள் நகரத்தில் இடமில்லை, வர வேண்டாம் என்று லெஸ்டர் நகர மன்றம் உகாண்டாவின் செய்தித்தாளிலேயே விளம்பரம் கொடுத்தது. அவர்கள் லெஸ்டருக்கும் வந்தனர். அந்நகரின் பெல்கிரேவ் ரோடு இன்று தெற்காசியக் கடைத்தெருவாகப் புகழ் பெற்றிருக்கிறது. வந்தவர்களுள் பலர் ஆப்பிரிக்காவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்தவர்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தப் பருப்பு இறங்கும், கென்யாவில் எந்தப் பருவத்தில் எந்தக் காய் விளையும், கடன் யாரிடம் எந்த வட்டிக்குப் பெறலாம் என்ற அறிவை அவர்களிடமிருந்து யாரும் பறிமுதல் செய்ய முடியவில்லை.

அரிசியின் கதை அந்த அறிவின் சிறந்த சான்று. உகாண்டாவில் வணிகம் செய்த தக்ரார் குடும்பத்தார் வளர்த்தெடுத்த டில்டா நிறுவனம் பாஸ்மதியை மூட்டைகளாக ஆசியக் கடைகளுக்கு விற்கத் தொடங்கி, பிறகு கிழக்கு லண்டன் எல்லையில் ரெயினம் என்ற ஊரில் தேம்ஸ் ஆற்றங்கரையிலேயே அரிசி ஆலையை நிறுவியது. ஆலை அங்கே அமைந்ததற்கு வணிகக் காரணம் உண்டு: உமி மட்டும் நீக்கிய, தீட்டாத பழுப்பு நிலையிலுள்ள பாஸ்மதியின் குறிப்பிட்ட இரகங்களை ஐரோப்பியச் சந்தைக்குச் சுங்க வரியின்றி நெடுங்காலமாகக் கொண்டுவர முடிந்தது, தீட்டிய வெள்ளரிசிக்கு வரி உண்டு. ஆகவே பழுப்பரிசியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கேயே தீட்டுவது இலாபமாயிற்று. பொன்னி, இட்லி அரிசி போன்ற பாஸ்மதி அல்லாத இரகங்களுக்கு இச்சலுகை இல்லை. தமிழ்நாட்டில் விருந்துக்கு மட்டும் வாங்கப்படும் பாஸ்மதியை விட அன்றாடச் சோற்றுக்கான பொன்னி பிரிட்டனில் பெரிதாக மலிந்திராததைக் கண்டு புதியவர்கள் வியப்பதும், மாணவர் விடுதிகளில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பாஸ்மதிச் சோறே வடிக்கப்படுவதும் இந்த வரி விதியின் தொலைதூர விளைவுகளே.

தமிழர்களின் கடைகள் இந்தப் பாதையில் பின்னால் வந்து சேர்ந்தவை. இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பிறகு அடைக்கலம் தேடி வந்தவர்களுள் பலர், கற்ற தொழிலில் இடம் கிடைக்காமல் பெட்ரோல் நிலையங்களிலும் மூலைக் கடைகளிலும் இரவுப் பணிக்குச் சென்றனர். அங்கே வணிகத்தைக் கற்று, உறவினர்களோடு பணம் சேர்த்துச் சீட்டுப் பிடித்து, சிறு கடைகளைக் கைமாற்றி வாங்கினர். ஈஸ்ட்ஹாமிலும் ஹைகேட்டிலும் முருகன் கோயில்கள் எழுந்த பகுதிகளையும் டூட்டிங், ஹாரோ பகுதிகளையும் சுற்றித் தமிழ்க் கடைகள் பெருகின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு இலட்சத்தை ஒட்டியோர் தமிழைத் தம் முதன்மை மொழியாகப் பதிவு செய்தனர். ஒரு கடைத்தெருவைத் தாங்குவதற்கு அந்த எண்ணிக்கை போதும். குஜராத்தியர் அமைத்த மொத்த வணிக வலையமைப்பு இல்லாதிருந்தால் தமிழ்க் கடைகள் தனித்து இத்தனை விரைவாக வேரூன்றியிருக்க முடியாது. ஈழத்தமிழர் கடைகள் இல்லாதிருந்தால், அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற மாணவருக்கும் மென்பொருள் பணியாளருக்கும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் இத்தனை எளிதில் கிடைத்திருக்காது. போரில் வீட்டை இழந்தவர்கள் நட்டு வைத்ததன் நிழலில், விமான நிலையத்தில் பெற்றோர் வழியனுப்ப வந்தவர்கள் இளைப்பாறுகின்றனர். இக்கடன் பேசப்படுவதே இல்லை, பேசப்பட வேண்டும்.

இரவுச் சந்தை

காய்கறியின் மலிவு நள்ளிரவுக்குப் பின் உருவாகிறது. லண்டனின் பழைய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தை 1991இல் கிழக்கே லெய்ட்டன் பகுதிக்கு இடம் மாறி, புதிய ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பெயரில் இயங்கி வருகிறது. மேற்கே ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அண்மையில் வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் என்ற சந்தை உள்ளது. ஊர் உறங்கும் நேரத்தில் கடைக்காரர்கள் தங்கள் வேன்களோடு அங்கே சென்று, பெட்டியைத் திறந்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, விலை பேசி ஏற்றி வருகின்றனர். வெண்டை, பாகல், பச்சை மிளகாய் ஆகியவற்றில் ஒரு பங்கு கென்யாவிலிருந்து விமானத்தில் வருகிறது. அங்கே குடியேறிய ஆசியர்களும் ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளும் பிரிட்டனின் ஆசியக் கடைகளுக்கென்றே பயிரிடத் தொடங்கியதன் தொடர்ச்சி அது. நடுவில் பதப்படுத்தும் நிலையம், வட்டாரக் கிடங்கு, விளம்பரப் பிரிவு ஆகியவை இல்லாததால் சந்தை விலைக்கும் கடை விலைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. வடிவம் கோணலான காயும் இங்கே விலையாகும். மாலைக்குள் வாடத் தொடங்கிய கீரை பாதி விலைக்குப் போகும்.

பல கடைகளின் பெயர்ப்பலகையில் ‘கேஷ் அண்ட் கேரி’ என்று எழுதியிருப்பதும் இம்முறையின் எச்சமே. அது முதலில் சில்லறைக் கடைக்காரர்கள் ரொக்கம் கொடுத்துச் சரக்கைத் தாங்களே எடுத்துச் செல்லும் மொத்த விற்பனைக் கிடங்கைக் குறித்தது. கடனும் இல்லை, வீடு தேடி வரும் விநியோகமும் இல்லை, அதனால் விலை குறைவு. ஆசிய வணிகர்கள் அந்தக் கிடங்கின் கதவைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டனர்.

பாதை அறுபடும் தருணங்கள்

இத்தனை நீண்ட பாதையில் எங்கேனும் ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் முதலில் உணர்வது இக்கடைகளின் வாடிக்கையாளர்கள்தாம். பழ ஈக்கள் முதலான பூச்சிகள் காணப்பட்டதைக் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே முதல் நாளிலிருந்து இந்தியாவின் மாம்பழத்தையும் கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு இலை, பாகற்காய், புடலங்காய் ஆகிய நான்கு காய்கறிகளையும் தடை செய்தது. அப்போது பிரிட்டனும் அந்த ஒன்றியத்தில் இருந்தது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் அல்போன்சா மாம்பழத்தைப் பற்றியே எழுதின; அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பிரதமர் இல்லத்துக்கு மாம்பழப் பெட்டி அனுப்பியதும் செய்தியாயிற்று. ஏற்றுமதி முறைகள் திருத்தப்பட்ட பின் மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் விலக்கப்பட்டது. ஆனால் வாரந்தோறும் வாங்கும் கத்தரியும் பாகலும் பருவத்துக்கு ஒருமுறை வரும் மாம்பழத்தை விட ஒரு வீட்டின் செலவைக் கூடுதலாகப் பாதிப்பவை. அவற்றுக்காகக் குரல் கொடுத்தோர் சிலரே.

இந்திய அரசு 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்ததும், ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்ததும் இதனினும் பெரிய அதிர்ச்சி. அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைகளுக்காக மக்கள் முண்டியடித்த காட்சிகள் அந்நாள்களில் பரவின. பல கடைகள் ஆளுக்கு ஒரு மூட்டை என்று வரம்பு வைத்தன. உள்நாட்டில் அரிசி விலையைக் கட்டுக்குள் வைக்க எடுத்த அம்முடிவு நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், உலக ஏற்றுமதிச் சந்தையில் விற்பனையாகும் அரிசியில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தை வழங்கும் ஒரு நாடு கதவைச் சாத்தும்போது, அதன் குடிமக்களாகவே இருந்து வெளிநாட்டில் சிறு அறைகளில் சமைத்துக்கொள்வோரும் கதவுக்கு வெளியே நிற்க நேர்கிறது. தடை 2024 செப்டம்பர் இறுதியில் நீக்கப்பட்டது.

உணவுப் பாதுகாப்பிலும் இப்பாதைக்குப் பலவீனங்கள் உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்த்தூளில் சூடான் 1 என்னும் தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்ததால், 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நானூறுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அவை பெரும்பாலும் பெரிய சங்கிலிக் கடைகளின் ஆயத்த உணவுகள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கலப்படம் மலிவுக் கடையின் தனிச்சொத்து அன்று. ஆனால் காலாவதித் தேதியின் மேல் வேறு தாள் ஒட்டிய பொட்டலங்களும், ஒவ்வாமைப் பொருள்கள் குறிக்கப்படாத பலகாரங்களும் சிறு கடைகளில் இருக்கவே செய்கின்றன. அவற்றைச் சமூகப் பற்றின் பெயரால் பொறுத்துக்கொள்வது தவறு. ஏழ்மையால் அங்கு வாங்குபவருக்கும் தூய உணவு பெறும் உரிமை உண்டு.

மலிவுக்கான விலையை வேறு சிலரும் கொடுக்கின்றனர். மனைவியும் பிள்ளைகளும் சம்பளமின்றிக் கடையில் நிற்பதும், உரிமையாளரே வாரம் முழுவதும் பதினான்கு மணி நேரம் உழைப்பதும் இந்தச் சிறு இலாபக் கணக்கில் எழுதப்படாத வரவுகள். அக்குடும்பங்களின் பிள்ளைகள் மருத்துவமும் சட்டமும் கணக்கியலும் படித்துவிட்டுக் கடைக்குத் திரும்பாமல் இருப்பது பெற்றோர் விரும்பிய வெற்றி. அவர்கள் விட்ட இடத்தில் இன்று புதிதாக வந்த மாணவர்கள் மூட்டை தூக்குகின்றனர். சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து, விசா நிபந்தனையைக் காட்டி வாயடைக்கும் முதலாளிகள் இவ்வணிகத்திலும் உண்டு. தன் ஊர்க்காரனிடம் மலிவாக வாங்கும் மகிழ்ச்சி, தன் ஊர்ப் பையன் கூலி குறைவாகப் பெறுவதால் வந்ததா என்று வாடிக்கையாளர் கேட்டுப் பார்ப்பது முறை.

இப்போது இக்கடைகளின் வரைபடம் மாறி வருகிறது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற செவிலியர்களும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் லண்டனிலோ லெஸ்டரிலோ மட்டும் தங்குவதில்லை. மருத்துவமனையும் பராமரிப்பு இல்லமும் எங்கே ஆள் கேட்கின்றனவோ அந்தச் சிற்றூர்களுக்கும் கடலோர நகரங்களுக்கும் செல்கின்றனர். அங்கே ஆசியக் கடைத்தெரு இல்லை. ஓர் ஆசியர் கடை இருந்தாலும் அது செய்தித்தாளும் பாலும் விற்கும் மூலைக் கடையாகவே இருக்கும். இத்தகைய ஊர்களில் முதலில் வருவது வேன்தான். வாட்ஸ்ஆப் குழுவில் பட்டியல் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறை பெரிய நகரத்திலிருந்து அரிசியும் மாவு வாளியும் உறைந்த மீனும் ஏற்றி வந்து, வாகன நிறுத்துமிடத்தில் வைத்துப் பிரித்துக் கொடுக்கின்றனர். வேன் நிரம்பத் தொடங்கியதும் யாராவது ஒருவர் காலியாகக் கிடக்கும் கடையறையை வாடகைக்கு எடுக்கிறார். மூலைக் கடைக்காரர் தன் பின்வரிசையில் இரண்டு அடுக்கைப் பருப்புக்கு ஒதுக்குகிறார். டிரம்மண்ட் தெருவில் எழுபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வணிகம், மொத்தச் சந்தையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர்களில் இப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பயணச் செலவு சேர்வதால் அங்கே மூட்டை அரிசியின் விலை லண்டனை விடக் கூடுதல்தான். ஒரே மருத்துவமனையில் பணிபுரியும் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இருபது கிலோ மூட்டையை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது அந்த ஊர்களில் வழக்கமாகி வருகிறது.